என் முகம் இல்லாத என் காட்சி

போன மாதம் என் நடிப்பு வகுப்பில் ஒரு சங்கடம். ராமநாதன் என்று ஒரு மாணவர். மாணவர் என்றதும் இளைஞர் என்று நினைத்துவிட வேண்டாம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே என்னிடம் வந்து சேர்ந்த கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். எட்டு மாதம் ஒருநாள் தவறாமல் வந்தார். அவருக்கு ஒரு தொலைக்காட்சித் தொடரிலிருந்து முதல் வாய்ப்பு வந்தது. முதல்நாள் ஓடிவந்து சொன்னவர், மறுநாள் வாடிய முகத்தோடு வந்து உட்கார்ந்தார். கொடுத்திருந்தது பிண வேஷம்.

"ஆத்துக்காரி ஒத்துக்க மாட்டேங்கறா சார். மாலையைப் போட்டுப் படுக்க வெச்சா நன்னாவா இருக்கும்கறா. கல்பாத்தியில அத்தனை பேரும் டிவி பாப்பா ஆக்கும்."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேடையிலும் திரையிலும் கத்திக்குத்து, விஷம், காசநோய், தூக்கு என்று விதவிதமாகச் செத்தவன் நான். ஆனாலும் இன்று பாலக்காட்டில் நடிப்பு வாத்தியார் என்று நாலு பேர் என்னை மதிப்பதற்குக் காரணம், எழுபதுகளில் நான் போடப் போய், போடாமல் விட்ட ஒரு பிண வேஷம். அதைத்தான் அன்று வகுப்பில் சொன்னேன். கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டே சொன்னேன். இந்த வயதில் பெருமையடிக்காமல் எப்போது அடிப்பது?

பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊர். நெல்லும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம். பள்ளிக்கூட நாடகத்தில் ராஜா வேஷம் போட்டதோடு எனக்குப் பித்துப் பிடித்தது. வேலப்பன் வாத்தியார் என்பவரின் நாடகக் குழுவில் போய் ஒட்டிக்கொண்டேன். சித்தூர், பொள்ளாச்சி, ஆனைமலை என்று ஐந்து வருடம் அவரோடு அலைந்தேன். படுதா இழுத்தேன், பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து மற்றவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தேன், போலீஸ்காரனாக வந்து சல்யூட் அடித்தேன். வாத்தியாருக்கு ஒரு விசித்திரமான பழக்கம். புதிதாக வந்தவனை ஒரு மாதம் சபைக்கு முதுகைக் காட்டித்தான் நடிக்க விடுவார். முதுகில் கோபம் தெரிகிறதா, பசி தெரிகிறதா என்று கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். முகத்தைத் திருப்ப அனுமதி கிடைத்த நாளில் எனக்குக் கல்யாணம் ஆன மாதிரி இருந்தது.

அந்தக் குழுவின் நாடகம் ஒன்றைப் பார்த்த ஒருவர் சொல்லித்தான் எனக்கு முதல் சினிமா வாய்ப்பு வந்தது. தேவிகுளம் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் படப்பிடிப்பு. வந்த நேரம் நாற்று நடுகிற நேரம். அப்பாவிடம் சொல்லப் போனபோது வரப்பில் நின்றிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அஞ்சு வருசமாக் கூத்தாடிப் போட்டே. நாலு பேருக்கு உன்ற மூஞ்சி தெரியுதாடா? செரி, போ. இந்தப் படத்துல உன்ற மூஞ்சிய நான் என்ற கண்ணால பாத்துட்டேன்னா, அப்புறம் உன்னிய ஒண்ணும் கேக்க மாட்டேன். பாக்கலீன்னா ஊட்டுக்கு வந்து ஏரப் புடி."

சொன்னால் சொன்னதுதான் என்கிற மனிதர். நானும் சரியென்று தலையாட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

படத்தின் டைரக்டர் ஒல்லியான மனிதர். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எல்லாரையும் 'வாடா, போடா' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் மரியாதை ஏறிவிடும். ஒரு தடவை லைட் பிடிக்கிற பையனைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் உட்காருங்க" என்றார். அவன் சாயங்கால பஸ்ஸுக்கே பெட்டியைக் கட்டினான். அதனால் அவர் 'டா' போட்டுக் கூப்பிடும்வரை எங்களுக்கு நிம்மதி.

என் பாத்திரத்தை அவர் விளக்கிய விதம் இன்னும் காதில் இருக்கிறது. மண் சரிந்து செத்துப்போகிற தோட்டத் தொழிலாளி நான். உயிரோடு இருக்கும்போது வருவது இரண்டே காட்சி. இரண்டிலும் கொழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவேன். கேமரா என் முதுகைத்தான் பார்க்கும். மூன்றாவது காட்சியில் என் பிணம். சுற்றித் தோட்டத்துப் பெண்கள் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். கேமரா அந்தப் பெண்களின் முகங்களில் ஒவ்வொன்றாக நகர்ந்து, வெட்டாமல், ஒரே ஓட்டத்தில் என் முகத்தில் வந்து நிற்கும்.

"உயிரோட இருந்தப்ப ஒருத்தனும் பாக்காத மூஞ்சிடா. செத்தப்புறம்தான் பாக்கறாங்க. அதுதான் என் படம்" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. படம் முடிகிற இடத்தில் திரை முழுக்க என் முகம். அப்பா பார்க்காமல் தப்பிக்கவே முடியாது.

பிணமாகக் கிடப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு நிமிடம் படுத்துப் பாருங்கள். மூச்சை முழுக்க அடக்கக்கூடாது, அடக்கினால் கழுத்து நரம்பு காட்டிக் கொடுக்கும். மூச்சை வெளியே விட்டுவிட்டு, அடிவயிற்றில் துளித்துளியாக எடுக்க வேண்டும். மூடிய இமைக்குள் கண் அலைந்தால் இமை துடிக்கும். அதனால் மூக்கு நுனியைப் பார்க்கிற மாதிரி கண்ணை உள்ளே நிறுத்த வேண்டும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவிடாமல் தொங்கவிட்டால் எச்சில் விழுங்கத் தோன்றாது. ஈ வந்து உதட்டில் உட்கார்ந்தால் அந்த ஈக்கு நன்றி சொல்லிக்கொண்டு கிடக்க வேண்டும். இதையெல்லாம் நானே பழகிக் கண்டுபிடித்தேன். இன்றைக்கும் என் வகுப்பில் அப்படியே சொல்லித் தருகிறேன்.

செத்துக் கிடக்கப் பழகினால் போதாது, உயிரோடு இருந்த ஆளாகவும் பழக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பே தனியாகத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்தில், சுடலை என்பவர் வீட்டில் தங்க இடம் கொடுத்தார்கள். அவர் மனைவி முத்துப்பேச்சிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலையேறியவர். சினிமாக்காரத் தம்பி இரண்டு நாளில் ஓடிவிடுவான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்களாம்.

நான் ஓடவில்லை. விடியும்முன் சங்கு ஊதியதும் எழுந்து, பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் அவர்களோடு போய் நின்றேன். சுடலையண்ணன் கொழுந்து மூட்டை தூக்கச் சொல்லிக் கொடுத்தார். தோள் உரிந்தது. மத்தியானம் முத்துப்பேச்சியக்கா கையால் கஞ்சியும் காந்தாரி மிளகாய்த் துவையலும். மூன்றாம் நாள் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டார், ஐந்தாம் நாள் என் சட்டையைப் பிடுங்கித் துவைத்துப் போட்டார். அந்த வாரம் பக்கத்து லயத்தில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அங்கேதான் அக்காவின் ஒப்பாரியை முதலில் கேட்டேன். கட்டையான குரல். அந்தக் குரல் எழுந்ததும் அதுவரை சும்மா நின்ற ஆண்பிள்ளைகள் எல்லாரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நானும் திரும்பிக்கொண்டேன். டைரக்டர் வந்திறங்கியதும் முதல் வேலையாக, ஒப்பாரிக்கு இந்த அக்காவையும் அவருடைய கூட்டத்தையும் விட்டால் ஆளில்லை என்று சொன்னேன்.

அதுதான் நான் செய்த பிழை என்று எனக்கு அப்போது தெரியாது.

முதல்நாள் மூட்டை தூக்குகிற இரண்டு காட்சியும் எடுத்தாயிற்று. இரண்டாம் நாள் காலை, லயத்து முற்றத்தில் பாய் விரித்து என்னைக் கிடத்தினார்கள். மேலெல்லாம் சேறு, தாடையைச் சேர்த்து நாடிக்கட்டு, நெற்றியில் காசு. சுற்றிலும் பன்னிரண்டு பெண்கள். அங்கே மத்தியானமானால் மூடுபனி சூழ்ந்துவிடும். அதற்குள் எடுத்தாக வேண்டும். கேமரா ஓடுகிற சத்தம் கேட்டது. நான் மூக்கு நுனியைப் பார்த்துக்கொண்டு செத்துக் கிடந்தேன்.

ஒருவரும் அழவில்லை.

வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்து மறுபடி ஓட்டினார்கள். அப்போதும் சத்தமில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு பேரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். டைரக்டர் கிட்டே வந்து, "அம்மா, நீங்க அழணும்" என்றார். மரியாதை ஏறிவிட்டது.

முத்துப்பேச்சியக்கா எழுந்து நின்றார். குரலில் பணிவு இருந்தது, தயக்கம் இல்லை.

"யாரோ ஒருத்தர்னா அழுதுருவோம்யா. நேத்து வரைக்கும் எங்கையால கஞ்சி குடிச்ச பிள்ளைய உசிரோட கெடத்தி வச்சு எப்படி ஒப்பாரி வைக்க? எங்களால முடியாது."

உதவி டைரக்டர் குறுக்கே வந்தார். சினிமாவில் பிணமாகப் படுத்தவர் எழுந்திருக்கும்முன் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிடுவார், தோஷம் கழிந்துவிடும், எல்லாப் படத்திலும் அப்படித்தான் என்று எடுத்துச் சொன்னார். சிரித்துவிட்டால் வைத்த ஒப்பாரி திரும்பிப் போய்விடுமா என்று அக்கா கேட்டார்.

நான் நாடிக்கட்டோடு எழுந்து உட்கார்ந்தேன். என் முகத்தைத் தனியாக எடுத்துக்கொள்ளட்டும், நீங்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுங்கள் என்று கெஞ்சினேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மூணாறுக்குப் போய்ப் படம் பார்க்கிற அக்காவை இதில் ஏமாற்ற முடியாது.

"தனித்தனியா எடுத்தாலும் ஒண்ணா ஒட்டிருவாகல்லா. எங்க அழுகையும் உன் முகமும் சேந்துதான வரும். உன்னப் பெத்தவுக பாப்பாகளே தம்பி. அவுகளுக்கு எப்படி இருக்கும்?"

எனக்கு எரிச்சலாக வந்தது. பெற்றவர் பார்க்க வேண்டும் என்றுதானே நான் இங்கே சேற்றைப் பூசிக்கொண்டு கிடக்கிறேன்.

டைரக்டர் என்னைத் தனியாகக் கூட்டிப் போனார். கிராம்பை மென்றபடி கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தார். பனி ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு வழி இருக்கிறது என்றார். மெட்ராஸில் செட் போட்டு, அழுவதற்கென்றே இருக்கிற துணை நடிகைகளை வைத்து எடுக்கலாம். என் முகம் அவர் நினைத்தபடியே வரும். இல்லையென்றால் இங்கேயே, இந்தப் பெண்களை வைத்து எடுக்கலாம். என் முகம் இருக்காது.

"முடிவு உன்னோடதுடா. இவங்களை நீதானே புடிச்சுக் குடுத்தே. மூஞ்சி போச்சுன்னா இந்தப் படத்துல உனக்கு வேற ஒண்ணும் இல்ல, யோசிச்சுக்கோ" என்றார்.

யோசித்தேன். அப்பா வரப்பில் நின்றது கண்முன் வந்தது. ஏர்க்கலப்பையும் வந்தது. கூடவே பக்கத்து லயத்தில் கேட்ட அந்தக் கட்டைக் குரலும் வந்தது. அப்படி ஒரு குரலை எந்த செட்டிலும் எழுப்ப முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மெட்ராஸ் என்று சொன்னால், ஐந்து வருடம் நான் கற்றது என்ன? என் தொழிலில் நான் எடுத்த முடிவுகளில் நெஞ்சைத் தொட்டுப் பெருமைப்படுகிற முடிவு அதுதான். எடுக்கும்போது பெருமையாக இல்லை, அழுகைதான் வந்தது.

"இங்கேயே எடுங்க சார்" என்றேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். இரண்டு கொழுந்து மூட்டையையும் ஒரு வாழைத்தண்டையும் நானே கட்டி, என் உயரத்துக்கு ஒரு உடம்பு செய்தேன். தலை எங்கே கனக்கும், பாதம் எப்படி விரிந்து விழும் என்று ஒரு வாரம் படித்தவனல்லவா? மேலே வெள்ளை வேட்டியைப் போர்த்தினேன். பிறகு அக்காவிடம் போய், நான் கேமராவுக்குப் பக்கத்திலேயே உங்கள் கண்ணில் படுகிற மாதிரி உயிரோடு நிற்கிறேன், வேட்டிக்குக் கீழே இருப்பது மூட்டைதான், உங்களுக்கு யாருக்காக அழ வேண்டுமோ அவர்களுக்காக அழுங்கள் என்றேன். ஒவ்வொருவர் கண்ணும் என்னையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தது. அக்கா தலையை ஆட்டினார்.

இன்னொரு தொல்லை பாக்கி இருந்தது. ஒத்திகையில் அத்தனை பேரும் கேமராவையே பார்த்தார்கள். பார்க்காதீர்கள் என்றால் இன்னும் பார்ப்பார்கள். எனக்குப் பெரட்டுக்களமும் அங்கே வேலை வாங்க நிற்கிற கங்காணியும் ஞாபகத்துக்கு வந்தன.

"மலையில கொழுந்து கிள்ளும்போது கங்காணி எங்க நிக்கிறாருன்னு தெரியும்தானே? ஆனா அவரை நிமிர்ந்து பாக்க மாட்டீங்கள்ல? இதுவும் ஒரு கங்காணிதான்னு வெச்சுக்குங்க" என்றேன்.

பன்னிரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு கண்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. என் வாழ்க்கையில் நான் எடுத்த முதல் வகுப்பு அதுதான். மொத்தம் ஒரு நிமிடம்கூட இல்லை.

கேமரா ஓடியது. பிறகு முத்துப்பேச்சியக்கா வேட்டியின் ஓரத்தைத் தொட்டார். குரல் எழுந்தது. ஆணுக்கு வைக்கிற ஒப்பாரி என்று சொல்லியிருந்தோம். அவர் வாயில் வந்ததோ, 'ஆத்தா' என்று. ஊரில் அவருடைய அம்மா செத்த சேதி மூன்று நாள் கழித்துத்தான் மலைக்கு வந்தது என்று சுடலையண்ணன் எனக்குச் சொல்லியிருந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, அழுது தீர்க்கவும் இல்லை. அத்தனை வருடம் வைத்திருந்ததை இரண்டு கொழுந்து மூட்டையின்மேல் கவிழ்ந்து கொட்டினார். மற்றவர்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு தங்கள் தங்கள் ஆளுக்காக அழுதார்கள். கேமரா முகம் முகமாக நகர்ந்து வந்து, மூடிய வேட்டியில் நின்றது. உதவி டைரக்டர், ஒப்பாரி மாறிப் போச்சு என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். டைரக்டர் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஃபிலிம் தீர்ந்து கேமரா தானாக நிற்கும்வரை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அது முடிந்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். உப்பும் மிளகாயும் எடுத்து என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார். உதவி டைரக்டரும் தன் பங்குக்கு, கடைசிச் சிரிப்பு எடுக்க வேண்டுமே என்று கவலைப்பட்டார். மூட்டையைச் சிரிக்கச் சொல்லுங்கள் என்று யாரோ சொன்னார்கள்.

டைரக்டர் மட்டும் ஒதுங்கி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "இங்க வந்து உட்காருங்க" என்றார். உட்காருங்க! பஸ்ஸுக்கு எத்தனை மணி என்று மனசு கணக்குப் போட்டது. அவர் தன்னுடைய நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு, பாக்கெட்டிலிருந்து ஒரு கிராம்பு எடுத்துக் கையில் கொடுத்தார்.

"நான் நினைச்சதவிட இதுதான் சரி. உயிரோட இருந்தப்பவும் பாக்கல, செத்தப்பவும் பாக்கல. அடுத்த படத்துல எல்லாம் புதுமுகம். நீங்க வந்து சொல்லிக் குடுங்க" என்றார்.

அப்படி ஆரம்பித்தது என் வாத்தியார் வேலை. அதற்குப் பிறகும் நடித்தேன், ஆனால் என்னைத் தேடி வந்தவர்கள் சொல்லிக் கொடுக்கத்தான் அதிகம் தேடி வந்தார்கள். இன்று நீங்கள் திரையில் பார்க்கிற சில முகங்கள் என் வகுப்பில் ஒரு மாதம் முதுகைக் காட்டி நின்ற முகங்கள். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ராமநாதனிடம் இதுவரைக்கும்தான் சொன்னேன். வேஷத்தை ஏற்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம், ஆனால் உங்கள் மனைவி சொன்னதைச் சிரித்துத் தள்ளாதீர்கள், முகத்தை மூடி எடுக்க முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் என்றேன். மீதிக் கதையை வகுப்பில் சொல்லவில்லை. வாத்தியாருக்குக் குரல் உடைந்தால் வகுப்பு கெட்டுவிடும். எழுத்தில் அந்த பயம் இல்லை.

அந்தப் படம் கொல்லங்கோட்டுக் கொட்டகைக்கு வந்தபோது நான் ஊரில் இருந்தேன். அப்பாவிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. என் முகம் வராது என்று எனக்குத் தெரியும். வந்து ஏரைப் பிடி என்று சொன்னால் பிடித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு அப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு தனியாகப் போனார். நான் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து, வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் சாய்கிற நேரத்தில் வரப்பு வழியாக வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பக்கத்தில் உட்காரவில்லை.

"மூட்டை தூக்கிட்டுப் போனது நீதானடா?"

"எப்படிங்கப்பா தெரிஞ்சுது?"

"முழங்கால்ல ஒரு எத்து எத்தித் தூக்குனயே. அது நம்மூட்டு நெல்லுக்கட்டுத் தூக்கறதல்லோ? தேயிலைக்காரன் அப்படியா தூக்குவான்?"

சுடலையண்ணனிடம் ஒரு வாரம் தோள் உரியக் கற்றது அத்தனையும் வீண். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தண்ணீரைப் பார்த்தபடி பேசினார்.

"அப்புறம் அந்தம்மா அழுதுச்சு. வெள்ளத்துணி போத்தியிருந்துச்சு. இப்ப விலக்கிருவாங்க, இப்ப விலக்கிருவாங்கன்னு நான் கண்ண மூடிக்கிட்டேன்டா. விலக்குனாங்களா?"

"இல்லீங்கப்பா."

மூச்சை விட்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

நான்தான் கேட்டேன். "மூஞ்சி வரலீங்களே. நாளைக்கு ஏரக் கட்டிரட்டுங்களா?"

"முதுகு தெரிஞ்சுதே, போதும். காத்தால மொத பஸ்ஸுக்குப் போயிரு."

சொல்லிவிட்டுக் கிட்டே வந்தார். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல என் தாடையைப் பிடித்து, வெளிச்சம் விழுகிற பக்கம் திருப்பி, என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.